கல்யாணப் பையில் இருந்த கிரீம்

(நமது டிரஸ்டின் ஷஅபான் மாதக் குடும்ப நலக் கூட்டத்தில் மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)





நோட்டீஸில் இன்றைய தலைப்பு 'தோல் நலம்' என்று பார்த்ததும் சிலர் சிரித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். "போன மாசம் சர்க்கரை, அதுக்கு முந்தின மாசம் ரத்தக் கொதிப்பு, இந்த மாசம் பவுடர் பூசறதா?" என்று ஒரு பெரியவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். அதனால் இந்தத் தலைப்பு எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

ஏழைப் பெண் பிள்ளைகளின் நிக்காஹுக்கு நம் டிரஸ்ட் உதவித்தொகை கொடுப்பது உங்களுக்குத் தெரியும். தொகையோடு ஒரு பையும் கொடுப்போம். புடவை, தொழுகை விரிப்பு, நாலு பாத்திரம், கூடவே ஒரு சின்ன அலங்காரப் பெட்டி. அதில் சீப்பு, கண்ணாடி, சுர்மா, மருதாணிக் கோன், முகத்துக்கு ஒரு கிரீம் இருக்கும். அந்தக் கிரீமை நாங்கள் யோசித்துத் தேர்ந்தெடுக்கவில்லை. மொத்தமாகச் சாமான் வாங்கும்போது கடைக்காரர் "பொண்ணுங்க இதத்தான் கேக்கறாங்க" என்று எடுத்து வைத்தார், நாங்களும் வாங்கி வந்தோம். ஏழு நாளில் சிவப்பழகு என்று அட்டையில் போட்டிருந்தது. பல வருடம் இப்படியே போனது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற வருடம் ஒரு தாய் மருத்துவ உதவி கேட்டு வந்தார். அவருடைய மகள் நம் உதவியில் நிக்காஹ் முடித்த பெண். முகமெல்லாம் சிவந்து, கன்னத்தில் நூல் நூலாக ரத்தக் குழாய் தெரிகிறது. தாடையில் பூனை முடி, நெற்றி நிறையப் பரு. அடுப்பு முன்னால் நிற்க முடியவில்லை, எரிகிறது என்று அழுகிறாள். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. பையில் இருந்த கிரீம் தீர்ந்ததும், "இதைவிட நல்லா வேலை செய்யறது இருக்கு" என்று பக்கத்து வீட்டுப் பெண் ஒரு டியூபைச் சொல்லியிருக்கிறார். மெடிக்கலில் சீட்டு இல்லாமலே கொடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று ஆகியிருக்கிறது. மாமியார் வீட்டிலும் மெச்சியிருக்கிறார்கள். எட்டு மாதம் விடாமல் போட்டிருக்கிறாள்.

அந்தத் தாய் எங்களைக் குறை சொல்லவில்லை. "நீங்க குடுத்த பையிலயே முகக் கிரீம் இருந்துச்சுங்க, இதெல்லாம் போட வேண்டியதுதான் போலன்னு நெனச்சுட்டோம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட இந்த அளவுக்கு உறைத்திருக்காது. இந்தக் கூட்டம் அந்த ஒரு வார்த்தையில் பிறந்ததுதான்.

அந்த டியூபில் என்ன இருந்தது என்பதைப் பார்ப்போம். அட்டையில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருந்தன: ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவதாக இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளூவோசினோலோன் ஆகியவையும் அதே குடும்பம்தான். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நாங்கள் சொல்லவில்லை. கரப்பான் வந்த குழந்தைக்கும், சொரியாசிஸ் உள்ளவருக்கும் டாக்டர் இந்த இடத்தில், இத்தனை நாள் என்று அளந்து கொடுக்கும்போது அது பெரிய உதவி. டாக்டர் கொடுத்ததை இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மங்குவுக்கு இதே மூன்று மருந்துச் சேர்க்கையைத் தோல் மருத்துவர்களும் சில வாரங்களுக்கு எழுதுவதுண்டு. அளவும் நாளும் கணக்கும் இல்லாமல் அதையே முகப்பவுடர் போல தினமும் பூசினால்தான் கேடு.

ஸ்டீராய்டு பூசினால் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் முகம் வெளுத்துத் தெரியும். வீக்கமும் பருவும் தற்காலிகமாக அடங்கும். இதைத்தான் 'கிரீம் வேலை செய்யுது' என்கிறோம். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். சுருங்கிய குழாய்கள் பிறகு விரிந்து நிரந்தரமாக வெளியே தெரிய ஆரம்பிக்கும். பரு கிளம்பும், முடி வளரும், வெயில் பட்டால் எரியும். இதில் உள்ள கொடுமை, கிரீமை நிறுத்தினால் சில நாளில் முகம் இன்னும் மோசமாகச் சிவந்து எரியத் தொடங்கும். 'கிரீம் போடாததால்தான் இப்படி ஆச்சு' என்று நினைத்து மறுபடியும் எடுத்துப் பூசுவார்கள். ஒரு சுழல் மாதிரி. அதனால் பல மாதம் போட்டவர்கள் தாமாக நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாக இறக்குவார்.

இது ஏதோ நம் தெருவில் மட்டும் நடந்த கதை என்று எண்ண வேண்டாம். இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மருத்துவ மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரை விசாரித்து 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது டாக்டர் அல்ல. கடைக்காரர், சொந்தக்காரர், தோழி போன்றவர்கள். இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் கெட்ட முகம்' என்று மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு 2018 மார்ச்சில் மத்திய அரசு பூச்சு மருந்தாக வரும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. சட்டம் வந்துவிட்டது. ஆனால் கடையில் போய்ப் பெயரைச் சொன்னால் இன்றும் கிடைக்கிறது. டியூபில் 'ஆர்எக்ஸ்' என்ற குறி இருந்தால் அது அழகுப் பொருள் அல்ல, மருந்து. படிக்கத் தெரியாத தாய்மார்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டு அந்தக் குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இதே ஸ்டீராய்டு இன்னொரு வழியாகவும் நம் வீடுகளுக்குள் வந்திருக்கிறது. படர்தாமரை. முன்பெல்லாம் இரண்டு வாரம் மருந்து போட்டால் போய்விடும். இப்போது குடும்பமே ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொறிந்துகொண்டு இருக்கிறது. மெடிக்கலில் கொடுக்கும் பல 'அரிப்பு கிரீம்'களில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, கிருமிக்கு ஒரு மருந்து, கூட ஒரு ஸ்டீராய்டு என்று கலவையாக இருக்கும். போட்ட அன்றே அரிப்பு நின்றுவிடும், பூஞ்சை மட்டும் சாகாது. தோலின் எதிர்ப்பு அடங்கிவிட்டதால் உள்ளுக்குள் நிம்மதியாகப் பரவும். வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கே அடங்காத ஒரு வகைப் பூஞ்சை இப்போது இந்தியாவில் பரவலாக இருக்கிறது. 2020இல் ஜப்பான் ஆய்வாளர்கள் இந்திய, நேபாள நோயாளிகளிடம் அதைக் கண்டு, பெயரிலேயே 'இண்டோ' என்று சேர்த்து 'ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே' என்று வைத்தார்கள். 2023இல் நியூயார்க்கிலும் அது பதிவாகிவிட்டது. இந்தியாவின் பெயரைச் சுமந்து உலகம் சுற்றும் பூஞ்சை என்று பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.

நம் சேலம், நாமக்கல் பக்கத்து வெயிலில், வியர்வையில், இறுக்கமான ஜீன்ஸிலும் கருப்பு புர்காவுக்குள் போடும் நைலான் துணியிலும் இது நன்றாக வளரும். தறிக்கூடத்தில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்களையும், லாரி கேபினில் இரண்டு நாள் உட்கார்ந்தே ஓட்டிப் போகும் தம்பிகளையும் கேட்டால் தெரியும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லாரும் ஒன்றாகக் காட்டிக்கொள்ள வேண்டும். துண்டு தனித்தனியாக இருக்க வேண்டும். உள்ளாடையைச் சுடுதண்ணீரில் துவைத்து, வெட்கப்பட்டு நிழலில் மறைத்துப் போடாமல் வெயிலில் உலர்த்த வேண்டும். டாக்டர் ஒரு மாதம் என்றால் ஒரு மாதம். அரிப்பு நின்ற பத்தாம் நாள் மருந்தை நிறுத்திவிட்டு, 'டாக்டர் மருந்து கேக்கல' என்று சொல்லாதீர்கள்.

அடுத்து பாதரசம். இதைப் பற்றிச் சேலத்துக்காரர்களுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை பார்த்த பெரியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். தங்க மோதிரத்தில் பாதரசம் பட்டால் என்ன ஆகும்? மோதிரம் வெளுத்துவிடும். எந்த ஆசாரியைக் கேட்டாலும் சொல்வார். இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சில முகக் கிரீம்களில் 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று எழுதியிருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே அப்படி எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்று மக்களை எச்சரிக்கிறது. நகையில் படக்கூடாதாம், பிள்ளையின் கன்னத்தில் படலாமாம்!

தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. அதனால் முகம் வெளுக்கும், அதுவும் வேகமாக. ஆனால் அது தோலோடு நிற்காமல் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தில் போய்ச் சேரும். பூசியவரின் முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சும் குழந்தைக்கும், ஒரே துண்டில் முகம் துடைப்பவருக்கும்கூடப் போகும்.

இதற்கு நமக்குப் பக்கத்திலேயே நடந்த உதாரணம் உண்டு. கேரளாவில் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல். ஆயுர்வேதத்துக்குப் போய் வந்தவர்கள் நம்மிலும் பலர் இருப்பீர்கள். அங்குள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒரு வகை நோயோடு வந்த 22 பேரைக் கவனித்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரு உட்பிரிவு இருந்தது. ஏன் இத்தனை பேர் என்று துருவிக் கேட்டபோது, 15இல் 13 பேர் நிறம் கூட்டும் கிரீம் பூசியவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆய்வு 'கிட்னி இண்டர்நேஷனல்' என்ற உலக அளவிலான மருத்துவ இதழில் வெளிவந்தது. நல்ல செய்தி, கிரீமை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் அடங்கிவிட்டது. கெட்ட செய்தி, காலில் வீக்கம், நுரைத்த சிறுநீர் என்று டாக்டரிடம் போகும் எந்தப் பெண்ணும் 'நான் முகத்துக்கு இதைப் பூசுகிறேன்' என்று தானாகச் சொல்வதில்லை. டாக்டரும் கேட்பதில்லை. நம் மருத்துவ உதவிக் குழுவுக்கு டயாலிசிஸ் செலவுக்காக வரும் விண்ணப்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எங்களுக்கு இந்த 13 பேர் ஞாபகம் வருகிறது. ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்ற இந்த ஒரு கேள்வி போதுமானதாக இருக்கலாம்.

சட்டம் இதிலும் நம் பக்கம்தான். இந்தியாவின் 2020ஆம் வருட அழகுப் பொருள் விதிகள் முகக் கிரீமில் பாதரசத்தைச் சேர்க்க அனுமதிப்பதில்லை. தவிர்க்க முடியாமல் ஒட்டி வருவதுகூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர் பாதரசத்தால் சீரழிந்தது. அந்த ஊரின் பெயரிலேயே உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன, 2018இல் இந்தியாவும் அதை ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்களை 2025க்குள் முற்றாக நிறுத்த வேண்டும் என்று 2023இல் அந்த நாடுகள் முடிவெடுத்தன. முடிவெல்லாம் ஜெனீவாவில் எடுத்தாயிற்று. டப்பா மட்டும் இன்னும் பையில் வந்துகொண்டிருக்கிறது.

யார் கொண்டு வருகிறார்கள்? சஃபரிலிருந்து லீவில் வரும் நம் தம்பிகள்தான். தங்கைக்கும் மச்சிக்கும் ஆசையாக வாங்கி வருகிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, டப்பாவில் பாதரசம் என்று எழுதியிருப்பதே இல்லை. வாட்ஸ்அப்பில் 'பாகிஸ்தான் கிரீம்', 'தாய்லாந்து கிரீம்' என்று விற்பவர்களும் நம் சகோதரிகள்தான். வீட்டிலிருந்தே நாலு காசு சம்பாதிக்கிறார்கள், அவர்களுடைய பிழைப்பைக் கெடுக்க நாங்கள் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறோம்: முறையாக இறக்குமதியான பொருளின் மேல் இறக்குமதிப் பதிவு எண்ணும், இந்தியாவில் அதைக் கொண்டுவந்தவரின் பெயரும் முகவரியும் அச்சாகியிருக்கும். இங்கே தயாரானதென்றால் தயாரிப்பு உரிம எண் இருக்கும். இவை இல்லாத டப்பாவை விற்காதீர்கள், வாங்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். ஏழு நாளில் வெளுக்க வைக்கும் எந்தப் பொருளும் நல்ல வழியில் அதைச் செய்வதில்லை.

இவ்வளவும் எதற்காக? நிறத்துக்காக. இதைச் சொல்லாமல் கிரீமை மட்டும் திட்டினால் அது நேர்மையாகாது. 1975இல் சந்தைக்கு வந்த ஒரு பிரபலமான கிரீம், பெயரிலேயே இருந்த வெள்ளை நிறத்துக்கான சொல்லை 2020இல் எடுத்துவிட்டது. கம்பெனியே எடுத்துவிட்டது, பெண் பார்க்கப் போகும் நாம் இன்னும் எடுக்கவில்லை. 'பொண்ணு நல்ல பொண்ணுதான், கலர்தான் கொஞ்சம் கம்மி' என்று ஜமாஅத்தில் பேசுவது யார்? பயோடேட்டாவில் 'நல்ல நிறம்' என்று எழுதச் சொல்வது யார்? பிலால் (ரலி) அவர்களைப் பாங்கு சொல்ல நிறுத்திய மார்க்கத்தில் இருந்துகொண்டு நாம்தான். மாப்பிள்ளை வீட்டார் போட்டோவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிய அன்று இரவு அந்தப் பெண் எந்த டியூபை எடுக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. இதை இத்தோடு விடுகிறோம், உங்கள் வீட்டுப் பேச்சு உங்களுக்கே தெரியும்.

சரி, வேண்டாததைச் சொல்லிவிட்டோம். தோலுக்கு என்னதான் வேண்டும்? உலகம் முழுக்க இப்போது தோல் மருத்துவர்களின் பேச்சு ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. பத்துப் பொருள் பூசும் வழக்கத்தை விட்டுவிட்டு, தோலின் மேற்படலத்தைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் முக்கியம் என்கிறார்கள். அந்தப் படலம் செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல், இடையில் உள்ள கொழுப்பு சிமெண்ட். சுவர் நன்றாக இருந்தால் உள்ளே ஈரம் தங்கும், வெளியிலிருந்து கிருமி வராது. சிமெண்ட் கரைந்துபோனால் தோல் வறளும், அரிக்கும், எதைப் பூசினாலும் எரியும். சோப்பு அந்தச் சிமெண்டைக் கரைக்கும். தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது, சோப்பு அதற்கு நேரெதிரான காரம்.

நம் பக்கத்தில் காவிரித் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர். வாளியின் ஓரத்தில் வெள்ளை படியும் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லை என்று இன்னும் கொஞ்சம் தேய்ப்போம். அந்தச் சோப்பும் உப்பும் சேர்ந்து தோலில் பிசுக்காக ஒட்டிக்கொள்ளும். அதனால் உடம்பு முழுக்கத் தினமும் சோப்பு போடாதீர்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் போன்ற வியர்க்கும் இடங்களுக்குப் போதும். கை கால்களுக்கு வெறும் தண்ணீர், இல்லையென்றால் நன்னிமா காலத்துப் பயத்தமாவு. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்வது சுகமாக இருக்கும், தோல் காய்ந்துபோகும். குளித்துத் துடைத்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் முழுக்கக் காயும் முன்னே தேங்காய் எண்ணெயோ, வெள்ளை வாசலினோ, கிளிசரின் உள்ள ஒரு சாதாரண லோஷனோ பூசுங்கள். விலை அதிகமுள்ளதுதான் நல்லது என்பதில்லை. வாசனை குறைந்ததாகப் பாருங்கள், அலர்ஜி வருவது பெரும்பாலும் வாசனைப் பொருளால்தான். பரு வரும் முகத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

ஒளூ பற்றிச் சில சகோதரிகள் எழுதிக் கேட்டிருந்தார்கள். ஐந்து வேளையும் கழுவுவதால் கை வெடிக்கிறதே என்று. தண்ணீரால் மட்டும் அவ்வளவு வெடிக்காது. நடுவில் பாத்திரம் தேய்க்கும் பவுடரும், துணி சோப்பும், பினாயிலும் கை படுவதுதான் பாதிக் காரணம். ஒளூவுக்கு ஒவ்வொரு முறையும் சோப்பு தேவையில்லை. கழுவியபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், கால் விரல் இடுக்குகளையும் சேர்த்து. அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. தொழுதபின் கைக்கு ஏதாவது ஒன்று பூசிக்கொள்ளுங்கள். பூசிய நிலையில் அடுத்த ஒளூ கூடுமா என்ற சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம், அது எங்கள் துறை அல்ல.

ஆண்கள் சிரித்துக்கொண்டிருக்க வேண்டாம். லாரி பாடி கட்டும் பட்டறையிலும் ஒர்க் ஷாப்பிலும் கைக் கிரீஸைப் போக்க டீசல், மண்ணெண்ணெய், துணி துவைக்கும் பவுடர் போட்டுத் தேய்க்கிறீர்கள். கிரீஸோடு சேர்ந்து தோலின் சிமெண்டும் போகிறது. முதலில் கொஞ்சம் எண்ணெய் தடவி கிரீஸை இளக்கித் துணியால் துடைத்துவிட்டு, பிறகு சோப்பு போட்டுப் பாருங்கள். சிமெண்ட் வேலை பார்ப்பவர்கள், சேகோ ஆலையில் நாள் முழுக்க ஈரத்தில் கை வைப்பவர்கள் கையுறை கேளுங்கள். கை வெடித்து உள்ளே புண்ணானால் கூலி வேலைக்காரனுக்கு அது வருமானப் பிரச்சினை.

வெயிலைப் பற்றி நீளமாகச் சொல்ல நேரமில்லை. சித்திரை வைகாசியில் காலை பத்து மணி முதல் மாலை நாலு வரை குடை, தாவணி, முழுக்கை என்று இருப்பது எந்த சன்ஸ்கிரீனுக்கும் குறைந்ததல்ல. மங்கு உள்ளவர்கள் மட்டும் சன்ஸ்கிரீனைத் தவறாமல் போட வேண்டும். வெயிலை விட்டுவிட்டு மங்குவுக்கு மருந்து போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது போல. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகாதீர்கள், அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்து தோலைப் பொசுக்கிக் கறுப்பாக்கிவிடும். நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் செல்போனில் பார்த்துவிட்டு ரெட்டினால், கிளைக்காலிக் ஆசிட் என்று வாங்கிப் பூசுகிறார்கள். பதிமூன்று வயது முகத்துக்கு அது எதற்கு? கர்ப்பமாக இருப்பவர்கள் ரெட்டினால் வகையைத் தொடவே கூடாது.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்குக் கழுத்தின் பின்பக்கமும் அக்குளும் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். "கழுத்தைத் தேச்சுக் குளிக்க மாட்டியா" என்று அம்மா திட்டிக்கொண்டே நாரால் தேய்ப்பார். அது அழுக்கு அல்ல. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, சர்க்கரை நோய் வரும் வழியில் இருக்கிறது என்று தோல் முன்கூட்டியே எழுதிக் காட்டும் கடிதம் அது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். எடை குறைந்தால் தானாகவே குறையும். அப்படி உள்ள பிள்ளையைக் கூட்டிப் போய் ரத்தத்தில் சர்க்கரை பாருங்கள். அதுபோல வெளிறிய படை, தொட்டால் உணர்ச்சியே இல்லையென்றால் மறைக்காமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், தொழுநோயாக இருந்தாலும் மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

பெருநாள் வருகிறது, மருதாணி. அரைத்த மருதாணியோ, நல்ல கோனோ ஆரஞ்சு நிறமாகத் தொடங்கி ஒரு நாள் கழித்து அடர்சிவப்பாகும். ஒரு மணி நேரத்தில் கரிக் கறுப்பாகிறது என்றால் அதில் தலைமுடி டையில் போடும் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. கறுப்பு மருதாணி என்று இயற்கையில் ஒன்று கிடையாது. சிலருக்குப் போட்ட சில நாளில் அதே டிசைனில் கொப்புளம் எழும்பும். அந்த அலர்ஜி ஒரு தடவை உடம்பில் பதிந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் போகாது. இருபது வருடம் கழித்து நரைக்கு டை போடும்போது முகமே வீங்கிவிடும். சுர்மாவிலும் எச்சரிக்கை தேவை. கடையில் விற்கும் பல சுர்மாக்களைச் சோதித்ததில் ஈயம் இருந்திருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பச்சைக் குழந்தையின் கண்ணுக்கு வேண்டாம்.

நம் பையைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறோம். கிரீமையும் சுர்மாவையும் எடுத்துவிட்டோம். கோனுக்குப் பதில் நம் சகோதரிகளே இலை அரைத்துச் செய்து தருகிறார்கள். கிரீம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வாசலின் டப்பாவும், குடையும் வைத்திருக்கிறோம். 'கல்யாணப் பையில் குடையா' என்று ஒரு பெண் சிரித்தாள், ஆனால் வாங்கிக்கொண்டாள். முன்னால் சொன்ன அந்தப் பெண்ணுக்கு மருத்துவம் நடக்கிறது. சிவப்பு குறைந்திருக்கிறது, இன்னும் பல மாதம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், துஆச் செய்யுங்கள். செலவை டிரஸ்ட் ஏற்றிருக்கிறது, ஏற்கத்தான் வேண்டும்.

தோல் பிரச்சினைக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நாமக்கல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. காலையில் சீக்கிரம் போங்கள். இப்போது பூசும் எல்லா டியூபையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள், வெட்கப்பட வேண்டாம். துணைக்கு ஆள் வேண்டும் என்றால் அலுவலகத்தில் சொல்லுங்கள், நம் சகோதரிகள் வருவார்கள்.

வாசலில் பச்சைத் துணி விரித்த மேசையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். வீட்டில் சந்தேகமான கிரீம் எது இருந்தாலும் மூடியை இறுக்கி, பாலித்தீன் கவரில் சுற்றி அடுத்த வெள்ளிக்குள் அதில் போட்டுவிடுங்கள். சாக்கடையில் கொட்ட வேண்டாம், பாதரசம் அங்கேயும் கிடந்து தண்ணீரில் சேரும். பெயர் எழுத வேண்டியதில்லை, யார் போட்டது என்று நாங்கள் பார்க்கவும் மாட்டோம். முதல் டியூபைப் பெட்டியில் போட்டது எங்கள் குழுவிலேயே ஒருவருடைய வீட்டம்மாதான்.